மலைநாட்டு மண்ணும் மாவலி நீரும்

(மூதூர்ப் பகுதிக் கமக்காரர்களின் ஆண்டுக் கூட்டமொன்றிலே ஆற்றப்பெற்ற உரையின் முழு வடிவம்)



மண்ணரிப்பைப் பற்றியும் நீரைப் பேணுவதைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இச்செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர், "மூதூரிலே மலை ஏது, மண் சரிவதற்கு? வயலிலே வரம்பு உடைந்தால் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு மண்ணரிப்பைப் பற்றிப் போதிக்கப் போகிறீரா?" என்று நகைத்தார். அவர் நகைத்ததிலே தவறில்லை. நாம் சமதரையிலே வாழ்கிறோம். நம் வயலில் நீர் நிற்கும், ஓடாது. ஆயினும், மாரி மும்முரமாகப் பெய்கின்ற கார்த்திகை மாதத்திலே வெருகல் ஆற்றங்கரைக்குச் சென்று ஒரு செம்பு நீரை முகந்து ஓரிரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். காலையிலே செம்பின் அடியிலே வண்டல் படிந்திருக்கும். அந்த வண்டல் எங்கிருந்து வந்தது? அதிலே ஒரு பகுதி நம் அயற்காடுகளிலிருந்து வந்ததாக இருக்கலாம். மற்றொரு பகுதியோ வலப்பனையிலும் வெலிமடையிலும் யாரோ ஒருவருடைய கிழங்குத் தோட்டத்திலே நேற்றுவரை மேல்மண்ணாக இருந்தது. கடலிலே கலந்துவிட்டால் அதை மீட்டெடுக்க மனிதரால் ஆகாது.

மாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர். அதற்கு நீர் சேர்க்கும் நிலப்பரப்பு 10,000 சதுரக் கிலோமீற்றருக்கும் அதிகம். இலங்கைத் தீவின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஹோட்டன் சமவெளியிலும் ஹட்டன் மேட்டுநிலத்திலும் பிறக்கும் சிற்றாறுகள் கூடிக் கூடி, கண்டியைச் சுற்றி, கிழக்கே திரும்பி, வடக்கே இறங்கி நம்மிடம் வருகின்றன. அல்லைத் திட்டத்து வயல்கள் வெருகல் ஆற்றை நம்பியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கந்தளாய்க் குளமும் மலைநாட்டு நீரை நம்பியே இருக்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. குளக்கோட்டு மன்னன் கட்டினான் என்று நம் பகுதி மரபு பேசும் அக்குளத்திற்கு, 1976ஆம் ஆண்டின் பின்னர் புதிய நீர்வழி ஒன்று பிறந்தது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையிலே மாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான மலைச் சுரங்கத்தினூடே உக்குவளைக்கு நீரைக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்து சுது கங்கை, போவத்தென்னை, அம்பன் கங்கை என்று வழிமாறி, மின்னேரியா, கவுடுல்லை, கந்தளாய் ஆகிய குளங்களை அந்நீர் வந்தடைகிறது. ஆகவே, தலவாக்கலையிலே ஒரு தேயிலை மலையில் மண் எப்படிக் கிடக்கிறது என்பது கந்தளாயிலே சிறுபோகம் செய்வோனுடைய பிரச்சினையும் ஆகும்.

மண் எவ்வாறு அரிக்கப்படுகிறது? வெள்ளம்தான் மண்ணை அள்ளிச் செல்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. முதல் அடி மழைத்துளியால் விழுகிறது. பெருமழையின் ஒரு துளி மணிக்கு 30 கிலோமீற்றர் அளவான வேகத்திலே தரையில் மோதுகிறது. தரையிலே சருகும் புல்லும் வேரும் இருந்தால் அந்த மோதலை அவை தாங்கிக்கொள்ளும். துளி உடைந்து மெல்லக் கீழிறங்கி மண்ணுக்குள்ளே புகும். தரை வெறுமையாக இருந்தாலோ, துளி மண்கட்டியைப் பொடியாக்கித் தெறிக்க வைக்கும். தெறித்த பொடி மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். அதன்பின் நிலம் நீரைக் குடியாது. குடியாத நீர் ஓடும். ஓடும் நீர் சேரும். சேர்ந்த நீரின் வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் அதன் அரிக்கும் வலு நான்கு மடங்காகும் என்பது பொறியியலாளர் கணக்கு. இவ்விடத்திலே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மண் போகிறது என்பதும் நீர் போகிறது என்பதும் இரண்டு செய்திகளல்ல. நிலம் குடிக்காத நீர்தான் கார்த்திகையிலே நம் வாசலுக்கு வெள்ளமாக வருகிறது. அதே நீர்தான் ஆவணியிலே வாய்க்காலிலே வராமற் போகிறது.

இந்நிலை மலைநாட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இக்கதையிலே நம்மவர்க்கும் ஒரு பங்கு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கண்டி மலைகள் பெருங்காடாய் இருந்தன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று குடியேற்ற ஆட்சி அனுமானித்துக்கொண்டது. கண்டிச் சிங்களக் குடியானவன் தலைமுறை தலைமுறையாய் விறகும் புல்லும் சேனைப் பயிரும் பெற்ற மேட்டுநிலம் அவன் கையைவிட்டுப் போயிற்று. கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. மரங்களை வீழ்த்தினார்கள், வீழ்ந்தவற்றைக் காயவிட்டுத் தீ மூட்டினார்கள், சாம்பல் படிந்த சரிவிலே கோப்பிக் கன்றுகளை நட்டார்கள். 1870களின் இறுதியிலே இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. அதற்குள் 1869ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் பரவிவிட்டிருந்தது. கோப்பி அழிந்தது; மலை வெறுமையாய் நின்றது. 1867இலே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அந்த வெறுமையை நிரப்ப வந்தது.

இக்காலத்திலேயே எச்சரிக்கைக் குரல்களும் எழாமல் இல்லை. கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், உயர்ந்த மலைகளின் காடுகளைக் காக்குமாறு வற்புறுத்தினார். 1873ஆம் ஆண்டிலே, 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டுநிலங்களைப் பயிர்ச்செய்கைக்கு விற்பது நிறுத்தப்பட்டது. இன்று நுவரெலியாவைச் சுற்றி உச்சிகளிலே எஞ்சி நிற்கும் காட்டுக்கு அந்தத் தீர்மானம் ஒரு காரணம். துரைமார் ஆட்சியைப் பழிக்க வேண்டிய இடங்கள் ஏராளம் உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று. 5,000 அடிக்குக் கீழே நடந்ததோ வேறு.

தேயிலை நல்ல பயிர். நெருக்கமாய் நின்று நிலத்தை மூடிவிட்டால் அது காட்டுக்கு அடுத்தபடியாக மண்ணைக் காக்கும். ஆனால் அக்காலத் துரைமாருக்குத் 'துப்புரவு' என்ற ஒரு பிடிவாதம் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு புல் தலைகாட்டினாலும் அது தோட்டத்துக்கு இழுக்கு. ஆகவே தொழிலாளர் கையிலே சுரண்டியைக் கொடுத்து, மாதந்தோறும் நிலத்தைச் சுரண்டச் செய்தார்கள். புல்லோடு மேல்மண்ணும் பெயர்ந்தது. அடுத்த மழை அதை அள்ளிச் சென்றது. பல பத்தாண்டுகள் இவ்வாறு நடந்தது. சுரண்டியைப் பிடித்த கை யாருடையது? திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் துரத்த வந்த நம் உடன்பிறப்புகளுடையது. அவர்களிற் பலர் ஊரிலே உழுது பிழைத்தவர்கள். மண்ணைச் சுரண்டினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் துரைமாருக்கே கற்பித்திருக்கக்கூடும். பெரட்டுக் களத்திலே அவர்களிடம் ஆலோசனை கேட்பார் யாரும் இருக்கவில்லை.

இதன் அளவை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ணாதீர்கள். மலைநாட்டுச் சரிவுகளிலே பிற்காலத்தில் அளவைத் துண்டங்கள் அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுத்தமாய்ச் சுரண்டப்பட்ட தேயிலை நிலத்திலிருந்து ஆண்டுக்கு ஹெக்டெயர் ஒன்றிற்கு 50 தொன்னுக்கு மேல் மண் போயிற்று. அதேபோன்ற நிலத்திலே சருகும் புல்லும் பரப்பி மூடிவைத்தபோது போன மண் ஒரு தொன்னுக்கும் மிகக் குறைவு. 50 தொன் என்றால் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 20 தொன். அதை நிலத்தின் மேலே பரப்பினால் நான்கு மில்லிமீற்றர் தடிப்பு. ஓராண்டிலே கண்ணுக்குத் தெரியாது. ஆறு ஆண்டுகளிலே ஓர் அங்குலம். ஓர் அங்குல மேல்மண் உருவாவதற்கோ இயற்கை நூற்றாண்டுகளை எடுத்துக்கொள்கிறது. அறுபது ஆண்டு சுரண்டிய மலையிலே என்ன எஞ்சியிருக்கும்? பழைய தோட்டங்களிலே சில நிரைகளில் தேயிலை வேர் நிலத்துக்கு மேலே முழங்கால் போல் மடிந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். செடி மேலே எழும்பியதல்ல. மண் கீழே போயிற்று.

1931ஆம் ஆண்டிலே மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவொன்று அரசுக்கு அறிக்கை சமர்ப்பித்தது. இருபது ஆண்டுகள் கழிந்து, சுதந்திர இலங்கையிலே, 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரிப்புக்கு இலக்காகும் பகுதிகளைப் பிரகடனம் செய்யவும், அங்கே நிலமுடையோர் செய்ய வேண்டியவற்றை விதிக்கவும் அச்சட்டம் அதிகாரம் தந்தது. 1996இலே அது திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டது. ஏட்டிலே குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் சட்டம் கமக்காரனைக் குற்றவாளியாக நிறுத்தக் கற்றிருக்கிறதே அன்றி, அவனுக்குக் கல்வரம்பு கட்டக் காசு கொடுக்கக் கற்கவில்லை. அரைக்காணி வைத்திருப்பவனிடம், "உன் நிலத்திலே பத்தில் ஒரு பங்கை வரம்புக்கும் கானுக்கும் விட்டுவிடு" என்று சொல்வது எளிது. அந்தப் பத்தில் ஒரு பங்கின் விளைச்சலை யார் ஈடுசெய்வது?

இன்றைய நிலைக்கு வருவோம். நன்றாய்ப் பேணப்படும் தேயிலையிலே இப்போது பெரிய அரிப்பு இல்லை. அரிப்பு நிகழ்வது இரண்டு இடங்களிலே. ஒன்று, மரக்கறியும் உருளைக்கிழங்கும் புகையிலையும் விளையும் செங்குத்தான சரிவுகள். 1960களிலே உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னர், நுவரெலியாவிலும் வெலிமடையிலும் கிழங்கு பொன் விளையும் பயிராயிற்று. கிழங்குக்கு நீர் தேங்கக் கூடாது, தேங்கினால் அழுகிவிடும். ஆகவே கமக்காரர் வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே அமையாமல் சரிவோடு இறங்குமாறு அமைக்கிறார்கள். நீர் வடிகிறது, மண்ணும் வடிகிறது. பல இடங்களில் அது ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்த நிலம். அடுத்த போகம் வேறொருவன் கையிலே இருக்கப்போகும் நிலத்துக்கு எவன் கல்வரம்பு கட்டுவான்? உமா ஓயாப் பள்ளத்தாக்கின் இத்தகைய சரிவுகளிலிருந்து இறங்கும் சேறு, 1990இலே கட்டி முடிக்கப்பட்ட ரந்தம்பை நீர்த்தேக்கத்திலே குவிகிறது.

மற்றது, கைவிடப்பட்ட பழைய விதைத் தேயிலை. செடி செத்த இடத்திலே வேறு செடி நடப்படாமல், வழுக்கை விழுந்த தலைபோல் கிடக்கும் மலைகள். இதற்கான காரணத்தை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இலே அவற்றின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக மாறிற்று. குத்தகைக்காரனுக்கு இன்றைய கொழுந்து முக்கியம். குத்தகை முடிந்த பின்னுள்ள மண் முக்கியமல்ல. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ பதினெட்டு மாதமேனும் வளர்த்து மண்ணுக்கு உயிரூட்டி, அதன் பின்னரே புதுக்கன்று நடவேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையம் காட்டிய வழி. அந்தப் புல் வளரும் காலத்திலே வருமானம் இல்லை. நட்ட கன்று கொழுந்து தர மேலும் சில ஆண்டுகள் வேண்டும். வருமானம் தராத மண்ணிலே பணத்தைப் புதைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

தேயிலை மலைகளிலே மண்ணைக் காக்கும் வேலை என்று ஒன்று இருந்தது. அதைக் 'கான் வெட்டு' என்பார்கள். சரிவுக்குக் குறுக்கே, 120 அடிக்கு ஓர் அடி தாழும் அளவிலே, மெல்லிய சாய்வோடு கான்கள் வெட்டப்படும். கானுக்குள்ளே இடைக்கிடை சிறு மண்தடைகள் விடப்படும். அவற்றின் உயரம் கானின் கரையைவிடத் தாழ்வாக இருக்கும். ஓடிவரும் நீர் ஒவ்வொரு தடையின் பின்னும் தங்கி, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, தடைமேல் வழிந்து அடுத்த குழிக்குச் செல்லும். மழை முடிந்ததும் குழியிலே தங்கிய மண்ணை வாரி மேற்புறத்துத் தேயிலைக்கே போடுவார்கள். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! நமது கிராமத்துக் குளத்தொடர்களிலே மேற்குளம் வண்டலைத் தாங்கிக் கீழ்க்குளத்தைக் காப்பதும் இதே அறிவுதான். நமது உலர்வலயக் குளத்தொடர் முறையை 2017இலே உலக உணவு விவசாய நிறுவனம் உலகப் பாரம்பரிய விவசாய முறைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கான் வெட்டும் தொழிலாளியின் அறிவுக்குப் பட்டயம் எதுவும் கிடைக்கவில்லை, வேலையே குறைந்துவிட்டது. இன்று கூலி கொழுந்தின் கிலோக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. கான் வாரினால் கிலோ ஏறாது. ஆகவே பல தோட்டங்களிலே கான்கள் தூர்ந்து, நீர் தன் விருப்பம்போல் வழி வெட்டிக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டிய குச்சியையும் இலையையும் நிலத்திலேயே பரப்பிவிட்டால் அதைவிடச் சிறந்த போர்வை மண்ணுக்கு இல்லை. ஆனால் அக்குச்சிகளைத் தொழிலாளப் பெண்கள் தலையிலே சுமந்து லயத்துக்குக் கொண்டு போகிறார்கள். "மண்ணின் போர்வையை உரிக்கிறார்கள்" என்று அதிகாரிகள் எழுதுகிறார்கள். அந்தப் பெண் அடுப்பை எதனால் எரிப்பாள்? விறகுக் காட்டுக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கி, மரம் நட்டுக் கொடுத்துவிட்டு அவளிடம் குச்சியை விட்டுவிடச் சொல்வதே முறை.

களைக்கொல்லியைப் பற்றி இக்கூட்டத்திலே யாரேனும் கேட்பீர்கள். கிளைபோசேற்று என்னும் களைக்கொல்லி 2015இலே தடைசெய்யப்பட்டு, 2018இலே தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் நச்சைப் பற்றிய விவாதம் பெரிது. அதற்குள் நான் இறங்கவில்லை. மண்ணை மட்டும் நோக்கினால், செத்த புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுரண்டியோ வேரையும் பெயர்க்கும். இரண்டையும்விட, புல்லை அறுத்து அங்கேயே விடுவது மேல். அதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும்.

மண்ணரிப்பு உயிரைக் கவரும் என்பதையும் நாம் கண்டோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையிலே மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள்ளே புதைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்னரே, 2005இலும் 2011இலும், எச்சரிக்கப்பட்டிருந்தது. "எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை" என்றார்கள். எங்கே போவது? தான் பிறந்த லயத்தின் வாசற்படிகூடத் தன்னுடையதல்லாத ஒருவன், இரவோடிரவாக மூட்டை கட்டிக்கொண்டு எந்தக் காணிக்குப் போவான்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோர் ஆக்கிற்று. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டாயிற்று. குடியுரிமை வந்தபின்னும் காணியுரிமை வரவில்லை. குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற பேச்சு வந்தது. வீடு கட்ட அது போதும். மரம் வைக்கவும் கான் வெட்டவும் மண்ணைத் தன் மண் என்று எண்ணவும் அது போதாது.

காணியுரிமைக்கும் மண் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கண்டி நாட்டு வீட்டுத் தோட்டங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். பலா, கமுகு, மிளகு, கோப்பி, வாழை என்று அடுக்கடுக்காய் நிற்கும் அத்தோட்டங்களிலே மண்ணிழப்பு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அம்மலையும் சரிவானதுதான், அங்கே பெய்யும் மழையும் அதே மழைதான். வேறுபாடு ஒன்றே: அந்த மண் அவனுடையது, அவன் பிள்ளைக்குப் போகப்போவது. அதே உரிமையைத் தேயிலை மலையில் வாழ்வோனுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

இனி, நம் வயலுக்கும் இதற்குமுள்ள கணக்கைப் பார்ப்போம். பொல்கொல்லைத் தேக்கம் மிகச் சிறியது. அதன் கொள்ளளவு நாற்பது இலட்சம் கனமீற்றர் அளவே. 72 கோடி கனமீற்றர் கொள்ளும் விக்டோரியாவோடு ஒப்பிட்டால் அது ஒரு கிண்ணம். ஆனால் கந்தளாய்க்கு வரும் மாவலி நீர் அந்தக் கிண்ணத்தின் வழியாகவே வரவேண்டும். 1976இலே திறந்த அத்தேக்கத்திலே, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சேற்றால் நிரம்பிவிட்டது. பெரிய தேக்கங்கள் இவ்வளவு விரைவிலே தூரா. ஆயினும் சேறு சேறுதான். அணையைக் கட்டுவதற்கு வெளிநாட்டார் கடன் தந்தார்கள். தூர் அள்ளுவதற்கு அப்படி யாரும் வரிசையில் நிற்கப்போவதில்லை.

அணை தூர்வதைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது ஊற்றுகள் வற்றுவதே. தோட்டங்களிலே 'பீலி' என்று சொல்வார்களே, மலையிடுக்கிலிருந்து மூங்கிற் குழாயிலோ தகட்டிலோ நீர் விழும் இடம், அந்தப் பீலிகள் முன்பு ஆண்டு முழுதும் ஓடியவை. இப்போது மாசி பங்குனியிலே சொட்டுவதாகத் தோட்டத்து முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேல்மண்தான் மலையின் நீர்த்தொட்டி. அது போனபின் நாம் சீமெந்தினாலே எத்தனை தொட்டி கட்டினாலும், மழையை ஆறு மாதம் தேக்கி வைத்து மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடும் வேலையை அவை செய்யமாட்டா. சிறுபோகத்திலே கடைமடைக்கு நீர் வரவில்லை என்று வாய்க்கால் தலைப்பிலே இருப்பவனோடு சண்டையிடுகிறோம். நீர்ப்பாசன அலுவலரை ஏசுகிறோம். சண்டை வேண்டிய இடத்திலே வேண்டியதுதான். ஆனால் தலைப்புக்கே நீர் குறைந்து வரும்போது, கடைமடையும் தலைமடையும் மல்லுக்கட்டி யாருக்கு என்ன மிஞ்சும்?

மேலே இருப்பவர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மாவலியின் கீழ்ப்புறத்திலே, நம் கண்முன்னே, ஆற்றுமணல் அள்ளப்படுகிறது. கரையைப் பிடித்து நின்ற மருத மரங்கள் வேரோடு சாய்கின்றன. மணல் போன ஆற்றின் படுகை தாழ்கிறது. படுகை தாழ்ந்தால் வாய்க்கால் வாயிலே நீர் ஏறாது. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழும். இரவிலே மணல் ஏற்றும் உழவு இயந்திரம் யாருடையது என்று இச்சபையிலே எல்லாருக்கும் தெரியும். நான் பெயர் சொல்ல வரவில்லை. குளங்களின் அலைகரையிலே வேலி அடைத்துப் பயிர் செய்வோரும் நம்மிடையே உண்டு. உழுத அலைகரையின் மண் முதல் மழையோடு குளத்துக்குள்ளே போகிறது. குளம் தூர்ந்துவிட்டது, அரசு தூர் அள்ளவில்லை என்று பிறகு மகஜர் எழுதுகிறோம். மேற்புறத்துக் காடும் மரவரிசையும் இருந்த நாளிலே குளத்துக்கு வரும் நீர் வடிகட்டப்பட்டு வந்தது. அந்த மரங்களை நட்டவரும் வளர்த்தவரும் கமக்காரரே; எந்தத் திணைக்களமும் அன்று.

ஆகவே நான் இக்கூட்டத்தின் முன்வைக்க விரும்பும் யோசனை இது. மாவலித் திட்டத்தின் அணைகளிலே மின்சாரம் பிறக்கிறது. அதனாலே வருமானம் பிறக்கிறது. அந்த வருமானத்திலே ஒரு சிறு பங்கை, நீர்ப்பிடிப்பு மலைகளிலே மண்ணைக் காக்கும் வேலைக்கென்று சட்டத்தாலே ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் அலுவலகக் கட்டடங்களுக்கும் வாகனங்களுக்கும் போகக் கூடாது. கல்வரம்பு கட்டும் கமக்காரனுக்கும், கான் வாரும் தொழிலாளிக்கும், சரிவுக்குக் குறுக்கே சீமைக்கிளுவையும் வெட்டிவேரும் நடுபவனுக்கும், செய்த வேலையின் நீளத்தை அளந்து கூலியாகப் போகவேண்டும். தோட்டக் கம்பனிகளின் குத்தகை நிபந்தனைகளிலே கான்களைப் பேணுவதும் வெற்றிடங்களை நடுவதும் கட்டாயமாக்கப்பட்டு, ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். கைவிடப்பட்ட தேயிலை நிலத்தை அங்கே வாழும் குடும்பங்களுக்கே, மரப்பயிர் செய்யும் நிபந்தனையோடு, உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவற்றைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று கொழும்பிலே கேட்கக்கூடும். கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் நெல் விளைவிக்கும் தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் குடிப்பது ஒரே ஆற்று நீர். வெலிமடையிலே கிழங்கு நடும் சிங்களக் கமக்காரனும், தலவாக்கலையிலே கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் அந்த ஆற்றின் தலைமாட்டிலே இருக்கிறார்கள். மொழியாலும் மாகாண எல்லையாலும் பிரிந்து கிடக்கும் இவர்களை ஒரே மேசையிலே இருத்திப் பேச வைக்கும் அமைப்பு எதுவும் நமக்கு இல்லை. போகத்துக்கு முந்திய கூட்டத்திலே வாய்க்கால் துப்புரவையும் விதைப்பு நாளையும் தீர்மானிக்கிறோம். ஆற்றின் தலைமாட்டிலிருந்து ஒருவரையும் அழைத்ததில்லை. அவர்களும் நம்மை அழைத்ததில்லை.

அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு நுவரெலியா மாவட்டத்துக் கமக்காரர் அமைப்புகளிலிருந்தும் தோட்டத் தொழிற்சங்கங்களிலிருந்தும் பிரதிநிதிகளை அழைக்க வேண்டும் என்றும், நம்மிலிருந்து பத்துப் பேர் அதற்கு முன்னரே ஒருமுறை மலைக்குச் சென்று கான்களையும் கிழங்குச் சரிவுகளையும் நேரிலே கண்டுவர வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். அலைகரை வேலிகளை அகற்றுவது பற்றிய பிரிவையும் அதிலேயே சேர்த்திருக்கிறேன். அது சிலருக்குக் கசக்கும், விவாதித்துக்கொள்ளுங்கள். தாள் செயலாளரிடம் இருக்கிறது. அதை வாசித்து வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.